காமாலைக் கணக்கும் கட்டடக் கணக்கும்

2024 ஜூலை 28, இரவு 9.40

வாசகர் ஒருவர் காலையில் இங்கே போட்ட கேள்வி. அப்படியே எடுத்து வைக்கிறேன்: "எங்கள் வட்டாரத்தில் ஹெபடைடிஸ் என்று வருடத்துக்குப் பத்துப் பேர்கூடக் கணக்கில் இல்லை. பஞ்சாபில்தான் ஆயிரக்கணக்கில் என்கிறார்கள். அப்படியிருக்க, தோப்பூர் எய்ம்ஸில் தொற்றுநோய்க்கென்று தனியாக 150 படுக்கை எதற்கு? அந்தப் பணத்தில் வேறு ஏதாவது கட்டலாமே?"

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. இங்கே பேசுவது வைரஸால் வருவதை, அதில் ஏ, பி, சி, இ என்று வகைகள். தோப்பூர் மதுரைக்குப் பக்கம். அரசு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீசியனாக 29 வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பத்தைப் பார்த்தால், அங்கே எத்தனை சோதனை கிட் வந்தது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. எங்கள் லேபில் எச்பிஎஸ்ஏஜி கார்டு (ரத்தத்தில் பி வைரஸ் இருப்பதைக் காட்டும் சோதனை அட்டை) தீர்ந்துபோன மாதங்களில் பி வைரஸ் ஊரைவிட்டே போய்விடும். ரிஜிஸ்டரில் மருந்துக்குக்கூட ஒரு பாசிட்டிவ் இருக்காது. இண்டென்ட் போட்டு அடுத்த பெட்டி வந்து இறங்கியதும் நோயும் பின்னாலேயே வந்து சேரும்.

பஞ்சாபில் 2016 ஜூனில் சி வகைக்கு மருந்து இலவசம் என்று மாநில அரசு திட்டம் கொண்டுவந்தது. மருந்து கிடைக்கும் என்றதும் ஆட்கள் ரத்தம் கொடுக்க வந்தார்கள், எண் ஏறியது. அங்கே சி வைரஸ் உண்மையிலேயே அதிகம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் தேடிய ஊரின் எண்ணைக் காட்டி, தேடாத ஊருக்கு நோயில்லை என்று சான்றிதழ் எழுத முடியாது.

எய்ம்ஸுக்கு அப்புறம் வருகிறேன். அதில் எனக்கு வயிற்றெரிச்சல் நிறைய.

2024 ஜூலை 28, இரவு 10.25

இன்றைக்கு ஏன் ஹெபடைடிஸ் தினம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பி வைரஸைக் கண்டுபிடித்த பாருக் புளூம்பெர்க் பிறந்த நாள் இது, வருடம் 1925. அந்த வைரஸின் மேலுறைப் புரதம் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் முதலில் அகப்பட்டதால் அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்றே பெயர் வைத்தார்கள். எச்பிஎஸ்ஏஜி கார்டு தேடுவதும் அதைத்தான். 1976ல் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்த மனிதருக்கும் நம் ஊர் கீழாநெல்லிக்கும் ஒரு தொடர்பு உண்டு. தூக்கம் வருகிறது, இன்னொரு நாள்.

2024 ஜூலை 30

கேள்வி கேட்டவர் காமாலைக் கணக்கு என்றும் ஹெபடைடிஸ் கணக்கு என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார். பாதிக் குழப்பம் அங்கேதான்.

ஏ, இ இரண்டும் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருபவை. கண் மஞ்சளாகும், வாந்தி வரும், சோறு பிடிக்காது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கர்ப்பிணிக்கு இ வகை வந்தால் மட்டும் உயிரோடு விளையாட்டு. பி, சி இரண்டும் ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவம் என்று வருபவை. பலருக்குக் கண் மஞ்சளாகவே ஆகாது. இருபது முப்பது வருடம் உள்ளே இருந்துவிட்டு, கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் தெரியவரும்.

இப்போது படிவங்களைப் பாருங்கள். நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004ல் வந்தபோது மூன்று படிவம் கொடுத்தார்கள். எஸ் படிவத்தைக் கிராம சுகாதார செவிலியர் நிரப்ப வேண்டும், அதில் 'நான்கு வாரத்துக்கு உட்பட்ட காமாலை' என்று ஒரு வரி. பி படிவம் டாக்டருக்கு. எல் படிவம் லேபில் எங்களுக்கு. (பி படிவத்துக்கும் பி வைரஸுக்கும் சம்பந்தமில்லை. புதிதாக வந்த ஒரு பையன் பி வைரஸ் கேஸை மட்டும் பி படிவத்தில் எழுத வேண்டும் என்று நினைத்து ஒரு வாரம் அப்படியே எழுதி வைத்திருந்தான்.) 2021 ஏப்ரலிலிருந்து இதெல்லாம் கணினித் தளத்துக்குப் போய்விட்டது.

ஆக, கண் மஞ்சளான ஆளைப் பிடிக்கத்தான் அந்த வலை. கண் மஞ்சளாகாத பி, சி ஆட்கள் அதில் விழ மாட்டார்கள். அவர்களுக்கென்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. அதற்குத் தனிப் பதிவு, தனி மருந்து, தனிச் சிகிச்சை மையம். இரண்டு நோட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை.

2024 ஆகஸ்ட் 2

2009ல் எங்கள் பக்கத்து ஊரில் பங்குனிப் பொங்கல் முடிந்து நாலைந்து வாரத்தில் வரிசையாகக் காமாலை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் சாக்கடைக்குள்ளே புகுந்து வெளியே வரும். அந்த இடத்தில் விரிசல். தண்ணீர் வராத நேரம் குழாய் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும், வரும் நேரம் வீட்டுக்கு வீடு விநியோகம். நான் என் சொந்த நோட்டில் எழுதி வைத்தேன், 31 பேர். அந்த வாரப் படிவத்தில் போனது 6 பேர்.

மிச்சப் பேர் எங்கே? முக்கால்வாசிப் பேர் பக்கத்து ஊர் வைத்தியரிடம் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில் மருந்து, ஒரு மாதம் உப்பில்லாப் பத்தியம், புளி கூடாது, எண்ணெய் கூடாது. அங்கே எல் படிவம் கிடையாது. சிலர் டவுனில் தனியார் லேபில் பிலிருபின் (கண்ணை மஞ்சளாக்கும் நிறப்பொருள்) மட்டும் பார்த்துவிட்டு வந்தார்கள். விஎச்என் அக்கா, அதாவது கிராம சுகாதார செவிலியர், மேல் குறை சொல்ல மாட்டேன். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, கொசு, எல்லாம் அவர் தலையில்தான். வீடு வீடாகப் போய்க் கண்ணைத் திறந்து பார்க்க அவருக்கு நேரம் ஏது?

2024 ஆகஸ்ட் 3

கீழாநெல்லி பற்றிக் கேட்டவர்களுக்கு.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழு பி வைரஸ் உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தது. 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலிப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை அது. எழுதியவர்களில் புளூம்பெர்க்கும் ஒருவர்.

அந்தச் சமயத்தில் எங்கள் லேப் வாசலில் கீழாநெல்லிக் கட்டோடு வந்து நிற்பார்கள், "இது சரியான செடியா பாருங்க சார்" என்று. நான் தாவரவியல் படித்தவன் இல்லை, இலைக்குக் கீழே நெல்லி மாதிரி காய் இருக்கிறதா என்று பார்த்துத் தலையாட்டுவேன். ஆனால் பிறகு வேறு நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு பலன் வரவில்லை. பி வைரஸுக்கு அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். ஏ வகை பெரும்பாலும் எதைக் குடித்தாலும் குணமாகும், எதுவும் குடிக்காவிட்டாலும் குணமாகும். வைத்தியர்களின் புகழில் பாதி அந்த ஏ வகை கொடுத்தது.

2024 ஆகஸ்ட் 11

ஒரு திருத்தம். பரணில் பழைய நோட்டு கிடைத்தது. 31 என்று எழுதியிருந்தேனே, அது பேர் இல்லை, பதிவு. உட்கார்ந்து எண்ணினால் ஆட்கள் 22 தான். ஆறு பேர் இரண்டு தடவை வந்திருக்கிறார்கள். ஒரு பையன் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயரில். பள்ளிக்கூடப் பெயர், வீட்டுப் பெயர், தாத்தா பெயர். இன்னொருவர் வந்தது காமாலைக்கே இல்லை, சர்க்கரைக்கு.

22க்கும் 6க்கும் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது, அந்த வாதத்தை விடவில்லை. ஆனால் பதினைந்து வருடமாக 31 என்று எல்லோரிடமும் சொல்லிவந்தவன் நான். கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 20

சரி, எய்ம்ஸ்.

2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ஒன்று என்று அறிவிப்பு. செங்கிப்பட்டியா, பெருந்துறையா, செங்கல்பட்டா, புதுக்கோட்டையா, தோப்பூரா என்று மூன்று வருடம் பஞ்சாயத்து. 2018 ஜூனில் தோப்பூர் என்று முடிவானது. அந்த டிசம்பரில் 1264 கோடிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல், 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல். அன்றைக்கு ரிங் ரோட்டில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன், வெயில் மண்டையைப் பிளந்தது. அப்புறம் சுற்றுச்சுவர். அப்புறம் வெறும் சுவர்.

என்ன தாமதம் என்றால், பணம் வருகிற வழி. மற்ற எய்ம்ஸ்களுக்கு மத்திய அரசு தன் பணத்தை நேராகப் போட்டது. இதற்கு ஜைக்கா என்ற ஜப்பான் அரசு நிறுவனத்தின் கடன். கடன் என்றால் அவர்கள் ஆய்வுக்கு வர வேண்டும், திட்ட மதிப்பு பார்க்க வேண்டும், ஒப்பந்தம் போட வேண்டும். 2021 மார்ச்சில் கையெழுத்தானது. மதிப்பு 1977.8 கோடியாக ஏறியிருந்தது, அதில் 1627.7 கோடி ஜைக்கா பங்கு. ஏறியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கேள்வி கேட்டவர் எரிச்சல்படும் அதே 150 படுக்கைத் தொற்றுநோய்ப் பிரிவு. கட்டுமான வேலை உருப்படியாகத் தொடங்கியது இந்த 2024 மார்ச்சில். மதுரைக்கு அடிக்கல் நட்ட ஒரு வாரத்தில் ஜம்முவின் விஜய்பூரில் நட்டார்கள். அதை இந்தப் பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள்.

நடுவில் 2021 தேர்தலில் உதயநிதி ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டினார். கட்சி எதுவானாலும் அந்தச் செங்கல் எங்கள் ஊர்க்காரர்களின் மனசில் ஒட்டிக்கொண்டது. என் பேரன் விளையாட்டுக்குச் செங்கல் அடுக்கினால் என் மனைவி "என்னடா, எய்ம்ஸ் கட்டுறியா?" என்பாள். மாணவர்கள் 2022லிருந்து ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படிக்கிறார்கள், வருடத்துக்கு 50 பேர். எய்ம்ஸ் மதுரையில், வகுப்பு ராமநாதபுரத்தில்.

2024 ஆகஸ்ட் 21

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "கடன் வாங்கினால் தாமதம்தானா?" என்று மடக்குகிறார். நியாயமான கேள்விதான். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியின் புது டவர் பிளாக்கும் ஜைக்கா கடனில் எழுந்ததுதான். அது மாநில அரசு நடத்திய வேலை, இந்தப் பிப்ரவரியில் திறந்தார்கள். ஆகவே கடன் மட்டும் காரணம் என்று நான் எழுதியது அவசரம். கிண்டியில் 1000 படுக்கை ஆஸ்பத்திரியை மாநில அரசு தன் பணத்தில், ஏறத்தாழ 240 கோடியில், 2022 மார்ச்சில் அடிக்கல் நட்டு 2023 ஜூன் 15 அன்று திறந்தது. பதினைந்து மாதம். யார் அவசரப்படுகிறார்கள் என்பதும் ஒரு காரணம் போல.

2024 செப்டம்பர் 8

கட்டடம் கட்டினால் போதும் என்பவர்களுக்கு என் சொந்தக் கதை. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், பழகிய முகங்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் புதுக் கட்டடம் வந்தது. கல்வெட்டு, ரிப்பன், லட்டு. லேபுக்கு முதல் மாடியில் பெரிய அறை. உள்ளே போனால் தண்ணீர்க் குழாய் இல்லை. சிங்க் இருக்கிறது, குழாய் இல்லை. பிரிட்ஜுக்குப் பிளக் பாயின்ட் சுவரின் மறுபக்கம், அதாவது அடுத்த அறையில். எலிசா ரீடர் (ரத்தச் சோதனை முடிவைப் படிக்கும் மெஷின்) வந்து இறங்கியது. ஏசி இல்லாமல் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்றார்கள். ஏசிக்குத் தனிக் கோப்பு. பெட்டி பதினொரு மாதம் அப்படியே இருந்தது, அதன்மேல் நாங்கள் டிபன் பாக்ஸ் வைத்துக்கொண்டோம். நல்ல உயரம்.

அந்தப் பதினொரு மாதமும் நாங்கள் கார்டிலேயே பார்த்தோம். இரண்டு சொட்டு சீரம், இருபது நிமிடம், இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். யாருக்கு? கர்ப்பிணிக்கு, ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு, ரத்தம் கொடுப்பவருக்கு. பாசிட்டிவ் என்றால் ஆபரேஷன் லிஸ்டில் கடைசிக்குத் தள்ளுவார்கள். அவ்வளவுதான் நடக்கும். அந்த ஆளுக்கு வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற அளவு) பார்க்கவும், வீட்டில் மனைவி பிள்ளைகளை வரச்சொல்லவும் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

கட்டடத்துக்குப் பணம் வரும்போது அதில் சுவரும் கூரையும் இருக்கும். கிட் வேறு தலைப்பு, ஆள் சம்பளம் வேறு தலைப்பு. கட்டடம் ஒரு தடவைச் செலவு, கார்டு மாதாமாதச் செலவு. மாதாமாதச் செலவுக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

2024 செப்டம்பர் 9

லட்டு இல்லை, ஜாங்கிரி. கூட வேலை பார்த்தவர் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தார்.

2024 செப்டம்பர் 29

இதை எழுதலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன்.

என் மச்சினன் 2011ல் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தான். ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது, நேரில் வரச்சொல்லி. அவன் என்னிடம் கேட்டான், நான்தானே லேப்காரன். வரவழைத்து நானே கார்டு போட்டேன். இரண்டு கோடு. "ஒன்றுமில்லைடா, நீ கேரியர்தான், உடம்புக்கு எதுவும் செய்யாது, ரத்தம் மட்டும் இனிமேல் கொடுக்காதே" என்று சொல்லி அனுப்பினேன். நாங்கள் படித்த காலத்தில் கேரியர் என்பது அப்படித்தான். தபால்காரர் மாதிரி, கடிதம் கொண்டுபோவார், படிக்க மாட்டார்.

தப்பு. கேரியர் என்று சொல்லப்படுகிறவரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் டெஸ்ட், வைரல் லோடு என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே எப்போது விழித்துக்கொள்ளும் என்று தெரியாது. அவனுக்கு 2019ல் கால் வீங்கியது. அப்போது பார்த்தால் கல்லீரல் இறுகத் தொடங்கியிருந்தது. தேசியத் திட்டத்தில் டெனோஃபோவிர் இலவசமாகக் கிடைக்கிறது, தினம் ஒரு மாத்திரை, நிறுத்தக் கூடாது. இப்போது நன்றாக இருக்கிறான், தோட்டத்துக்குப் போகிறான். சி வகை வந்திருந்தால் 12 வாரத்தில் மாத்திரையை முடித்துவிட்டுப் போயிருப்பான். பி வகைக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் இல்லை.

அவன் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நெகட்டிவ். சின்னவள் 2012ல் பிறந்தவள். 2011 டிசம்பரில்தான் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பென்டா ஊசி (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) வந்தது, அதில் பி தடுப்பூசியும் அடக்கம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசியும் அவளுக்குக் கிடைத்தது. பெரியவனுக்கு எப்படித் தப்பித்தது என்று தெரியவில்லை, குலசாமி.

இந்த எட்டு வருடத்தில் அவன் எந்தக் கணக்கில் இருந்தான்? எதிலும் இல்லை. என் ரிஜிஸ்டரில்கூட எழுதவில்லை, வீட்டுப் பையன் பெயர் வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன். கிட் இல்லை, ஆள் இல்லை என்று மேலே நீட்டி முழக்கியிருக்கிறேனே, கிட் கையில் இருந்து, ஆள் எதிரே உட்கார்ந்து, எழுதாமல் விட்டவன் நான்.

2024 செப்டம்பர் 30

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆறுதல் வேண்டாம், உங்கள் வீட்டில் ஒரு தடவை எச்பிஎஸ்ஏஜி பார்த்துவிடுங்கள்.

2024 அக்டோபர் 13

எகிப்து கதையை ஒரு தம்பி கேட்டான். அங்கே 1950களிலிருந்து 80கள் வரை நத்தையால் பரவும் ஒரு புழுநோய்க்கு அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. கண்ணாடி சிரிஞ்சு, சரியாகக் கொதிக்க வைக்கவில்லை. அதில் சி வைரஸ் நாடு முழுக்கப் பரவியது. பிறகு அதே அரசு 2018 அக்டோபரில் தொடங்கி ஏழே மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு விரலில் குத்திப் பார்த்தது, பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மருந்தும் கொடுத்தது. பள்ளிக்கூடம், மசூதி, மெட்ரோ ஸ்டேஷன், இருக்கிற இடத்திலேயே.

நம் நாட்டில் 2022 கணக்குப்படி பி வகை 2.98 கோடிப் பேருக்கு, சி வகை 55 லட்சம் பேருக்கு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மதிப்பீடு, எண்ணிப் பார்த்தது அல்ல. உலக அளவில் பி வகை உள்ளவர்களில் தனக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டவர்கள் 13 சதவீதம், மருந்து சாப்பிடுபவர்கள் 3 சதவீதம்.

இனி 150 படுக்கைக்கு வருகிறேன். ஜூலையிலேயே பதில் சொல்லியிருந்தால் அதுவும் வெட்டிச் செலவு என்று நானும் சேர்ந்து கூவியிருப்பேன். மச்சினனுக்கு வைரல் லோடு பார்க்க ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து டவுனுக்கு அனுப்பி ரிசல்ட்டுக்குக் காத்திருந்ததை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வயிற்றில் நீர் கோத்தவரை, காமாலையில் நினைவு தப்பியவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க ஒரு இடம் வேண்டும். படுக்கை இருக்கட்டும்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. காசநோய்க்கும் பிறகு கொரோனாவுக்கும் வாங்கிய ட்ரூநாட், ஜீன்எக்ஸ்பர்ட் மெஷின்கள் பல ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. அதே மெஷினில் பி, சி வைரல் லோடும் பார்க்கலாம், அதற்கான சிப்பும் கார்ட்ரிட்ஜும் போட்டால். 2021 அக்டோபரில் 64,180 கோடிக்கு மத்திய அரசு தொடங்கிய சுகாதாரக் கட்டமைப்புத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு ஒருங்கிணைந்த லேப் என்பதும் ஒரு பகுதி. அந்த லேபுக்காவது சிங்க்கோடு குழாயும் சேர்த்து எஸ்டிமேட் போடுங்கள்.

2024 அக்டோபர் 14

கேள்வி கேட்டவர் தன் வட்டாரத்து ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார்: சி வகைக் கார்டு மூன்று மாதமாக ஸ்டாக் இல்லையாம். அவரே "அதான் பத்து" என்று எழுதியதைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டில் என்ன என்று கேட்டார்கள், விளக்க முடியவில்லை.

2024 நவம்பர் 3

மச்சினனுக்கு மாத்திரை வாங்கக் கூடப் போனேன். கம்ப்யூட்டரில் பெயரைத் தேடினால் இரண்டு வருகிறது. ஒன்றில் முன்னெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், வயதில் இரண்டு வருட வித்தியாசம். இரண்டும் அவன்தான். எட்டு வருடம் கணக்கிலேயே இல்லாதவன் இப்போது இரண்டு பேர். அங்கிருந்த பெண், பாவம், சின்னப் பிள்ளை, "இதை நான் டெலீட் பண்ண முடியாது சார், மேலே எழுதணும்" என்றாள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வரும் வழியில் தோப்பூர் பக்கம் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கிரேன் நிற்கிறது, தூண்கள் எழுந்திருக்கின்றன. மச்சினன் தூங்கிவிட்டான், எழுப்பிக் காட்டவில்லை.

2024 நவம்பர் 9

"நீங்கள் பி தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா?" என்று ஒரு தங்கை விடாமல் கேட்கிறார். போட்டிருக்கிறேன் அம்மா. 1998ல் விரலில் ஊசி குத்திக்கொண்ட பிறகுதான் போட்டேன், அதுவரை சோம்பல். ஊசிக் குத்தில் எங்களுக்கு ஒரு மூன்றுக் கணக்குச் சொல்லித் தருவார்கள்: தடுப்பூசி போடாதவருக்கு பி வகை தொற்ற நூறில் முப்பது வரை வாய்ப்பு, சி வகைக்கு மூன்று, எச்ஐவிக்கு ஆயிரத்தில் மூன்று. மூன்று டோஸும் முடித்தேன். டைட்டர் (தடுப்பூசியால் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புச் சக்தியின் அளவு) பார்த்ததில்லை. பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று ஓய்வே பெற்றுவிட்டேன்.

2024 நவம்பர் 17

டைட்டர் வந்துவிட்டது. பத்துக்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 7. நேற்று ஒரு டோஸ் போட்டுக்கொண்டேன், தோள் வலிக்கிறது. அடுத்த மாதம் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை நோட்டில் எழுதிவிட்டேன், ஒரே பெயரில்.